பி செல் இருக்கிறது, ஆன்டிபாடி இல்லை: நினைவு பி செல் அறிக்கையை எப்படிப் படிப்பது?

உங்கள் அக்கா மகனுக்கு 7 வயது. மூன்று ஆண்டுகளாகக் காதில் சீழ், சைனஸ் தொல்லை, இரண்டு முறை நிமோனியா. பரிசோதனையில் லிம்போசைட்டுகளில் 14 சதவீதம் பி செல்கள், அதாவது இயல்பான அளவு. ஆனால் ரத்தத்திலுள்ள முக்கிய ஆன்டிபாடி வகையான ஐஜிஜி, டெசிலிட்டருக்கு 310 மில்லிகிராம்தான். ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி ஒன்று விடாமல் போட்டும் அதற்கான ஆன்டிபாடி பாதுகாப்பு அளவை எட்டவில்லை. கடைசி வரியில் ‘வகை மாறிய நினைவு பி செல்கள்: பி செல்களில் 1.1 சதவீதம், குறைவு’ என்று இருக்கிறது. ஆன்டிபாடியை உண்டாக்குவது பி செல்தான் என்றால், பி செல் இருந்தும் ஆன்டிபாடி ஏன் வரவில்லை, இந்த நினைவு பி செல் எண்ணுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவம் பார்ப்பவன் இல்லை. இந்த எண்கள் வெளிவரும் ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை செய்பவன். அறிக்கையை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். ரத்தத்தில் ஓடும் பி செல்களில் பெரும்பாலானவை ஆன்டிபாடி எதையும் வெளியே விடுவதில்லை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, தன் ஆன்டிபாடியைத் தன் மேற்பரப்பிலேயே நட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் கிருமி எங்காவது தட்டுப்படுமா என்று சுற்றிக்கொண்டிருக்கும் புதுச் செல்கள் அவை. கிருமி தட்டுப்பட்டு, இன்னொரு வகை வெள்ளணுவான டி செல்லின் துணையும் கிடைத்து, நிணநீர் முடிச்சுக்குள்ளே கடுமையான தேர்வு ஒன்றைத் தாண்டிய பிறகுதான் அதன் வம்சத்தில் சில, பிளாஸ்மா செல்லாகி ஆன்டிபாடியைக் கொட்டத் தொடங்கும். சில, நினைவு பி செல்லாகித் தங்கும். பிறவியிலேயே வரும் எதிர்ப்பாற்றல் குறைபாடுகளில் பல, இந்தப் பாதையின் நடுவில்தான் அறுகின்றன. பாதையின் தொடக்கத்தில் நின்று எண்ணினால் 14 வருகிறது, கடைசியில் நின்று எண்ணினால் 1.1 வருகிறது. இரண்டும் உண்மை, முரண் எதுவும் இல்லை.

பி செல்லே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். 1952இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர் 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். நான்கு ஆண்டுகளில் 19 முறை அவனுக்குச் செப்சிஸ், அதாவது உடல் முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று, வந்திருந்தது. பல முறை ரத்தத்தில் கிடைத்தது நுமோகாக்கஸ் கிருமிதான். அந்தக் கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி கொடுத்துப் பார்த்தார், உடல் அசையவில்லை. சீரத்திலுள்ள புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் முறை அப்போதுதான் மருத்துவமனைகளுக்கு வந்திருந்தது. அதில், ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் என்ற மேடு எழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே எழவில்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதந்தோறும் தோலுக்கடியில் செலுத்தினார், செப்சிஸ் நின்றது. இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் அதுதான். 1993இல்தான் இந்த நோய்க்குக் காரணமான, எக்ஸ் குரோமோசோமிலுள்ள மரபணு பிடிபட்டது. பிடிகே என்ற அதன் பெயரில் முதல் எழுத்து புரூட்டனைக் குறிக்கிறது. அது பழுதானால் எலும்பு மஜ்ஜையிலேயே பி செல்லின் வளர்ச்சி நின்றுவிடும். ரத்தத்தில் பி செல் 2 சதவீதத்துக்கும் கீழே, பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் பையனுக்கு 14 சதவீதம் இருப்பதால் இந்த நோயை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். அவனுக்கு அறுந்த இடம் வேறு.

அது எந்த இடம் என்று தேடுவதற்கு, உடல் ஒரு கிருமியை நினைவில் வைப்பது என்றால் என்ன என்பது தெரிய வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த சான்று 1846இல் ஃபேரோ தீவுகளில் நடந்தது. அங்கே தட்டம்மை பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். விசாரிக்கப் போன டென்மார்க்கின் இளம் மருத்துவர் பீட்டர் பானும், வயதானவர்களில் பலரை அது தொடவே இல்லை என்பதைக் கவனித்தார். கேட்டுப் பார்த்தால், 1781இல் தட்டம்மை வந்தபோது சிறுபிள்ளைகளாக இருந்து பட்டவர்கள் அவர்கள். இடையில் 65 ஆண்டுகள் அந்த நோய் தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் முறை பட்ட ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை.

ஒரு ஐஜிஜி மூலக்கூறின் அரை ஆயுள் சுமார் 21 நாள். பிறகு 65 ஆண்டு எப்படித் தாங்கியது? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் உடலில் நினைவு ஒன்றல்ல, இரண்டு இடங்களில் தனித்தனியாக இருக்கிறது. ஒன்று, எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிட்ட நெடுநாள் பிளாஸ்மா செல்கள். இவை கிருமி மறுபடி வருகிறதா என்று பார்ப்பதில்லை, வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் தட்டம்மை ஆன்டிபாடி பாதியாகக் குறைய 200 ஆண்டுக்கும் மேல் ஆகும் என்று 2007இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ரணஜன்னிக்கு அதே கணக்கில் 11 ஆண்டுதான். அதனால்தான் ரணஜன்னிக்குத் திரும்பத் திரும்ப ஊசி. இரண்டாவது, நினைவு பி செல்கள். இவை சும்மா இருக்கும்போது எதையும் சுரக்காது. மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பெரும்பங்கு தங்கியிருக்க, கொஞ்சம் ரத்தத்தில் சுற்றும். அதே கிருமி வந்தால் ஒரு வாரத்துக்குள் பெருகி, புதுப் பிளாஸ்மா செல்களை இறக்கிவிடும். முதல் சந்திப்பில் இதே வேலைக்கு இரண்டு வாரம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். 1918 இன்ஃபுளுயன்சா காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்களின் ரத்தத்திலிருந்து, ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து அந்த வைரஸை அடையாளம் காணும் பி செல்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

இவை இரண்டும் தனித்தனி என்பதைக் காட்ட இன்னொரு நல்ல சான்று உண்டு. ரிட்டுக்சிமாப் மருந்து கொடுத்தால் ரத்தத்திலுள்ள பி செல்கள் பல மாதங்களுக்குத் துடைத்துப்போகும். ஆனால் பழைய தட்டம்மை, ரணஜன்னி ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் சிடி20 புரதம் பிளாஸ்மா செல்லில் இல்லை. ரத்தத்தில் எண்ணும் பி செல்லும் ரத்தத்தில் அளக்கும் ஆன்டிபாடியும் ஒன்றையொன்று அப்படியே பிரதிபலிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சரி, அந்தத் தேர்வு நடக்கும் இடத்துக்கு வருவோம். நிணநீர் முடிச்சு, டான்சில், மண்ணீரல் ஆகியவற்றுக்குள் தொற்று நேரத்தில் உருவாகும் ஒரு வட்டம் அது, முளை மையம் என்று சொல்லலாம். உள்ளே போன பி செல் வேகமாகப் பெருகும். பெருகும்போதே தன் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துகளை மாற்றிக்கொள்ளும். உடலின் மற்றச் செல்களில் இது நடந்தால் ஆபத்து, இங்கே மட்டும் இது முறையான வேலை. மாறியவற்றில் கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிற செல்லுக்கு டி செல் கைகொடுக்கும், மற்றவை செத்துப்போகும். இதே இடத்தில், அல்லது இதற்குச் சற்று முன்னால், ஆன்டிபாடியின் வகையும் மாறும். முதலில் ஐஜிஎம் ஆக இருந்தது ஐஜிஜி ஆகவோ ஐஜிஏ ஆகவோ ஆகும். உங்கள் அறிக்கையில் ‘வகை மாறிய’ என்று இருப்பது இதைத்தான் குறிக்கிறது. அதாவது அந்த 1.1 சதவீதம், இந்தத் தேர்வைத் தாண்டி வந்தவர்களின் எண்ணிக்கை.

இந்த இயக்கம் எத்தனை கண்ணிகளால் ஆனது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தக் குறைபாடுகளுடன் பிறந்த பிள்ளைகள்தான். எலியில் செய்த எந்தச் சோதனையையும்விட இவர்களிடமிருந்து நாங்கள் அதிகம் கற்றிருக்கிறோம் என்று நான் நம்புகிறேன். அதனால் சிலவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டி செல் கைகொடுப்பது சிடி40 லிகண்ட் என்ற புரதத்தால். பி செல்லின் மேலிருக்கும் சிடி40 அதைப் பிடித்துக்கொள்ளும். 1993இல் இந்த லிகண்டின் மரபணு பழுதானவர்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்களிடம் பி செல் எண்ணிக்கை இயல்பு, ஐஜிஎம் இயல்பு அல்லது அதிகம், ஐஜிஜியும் ஐஜிஏவும் மிகக் குறைவு. முளை மையம் உருவாகவே இல்லை, வகை மாறிய நினைவு பி செல் கிட்டத்தட்ட இல்லை. டி செல்லின் பக்கத்திலும் ஓட்டை என்பதால் நிமோசிஸ்டிஸ் நிமோனியாவும், தண்ணீர் வழியாக வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் இவர்களைத் தாக்கும். வெறும் ஆன்டிபாடி ஏற்றினால் மட்டும் போதாத நோய் இது. பலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் மாறாக ஒன்று. எழுத்துகளை மாற்றும் வேலையைச் செய்யும் நொதிக்கு ஏஐடி என்று பெயர். ஜப்பானில் டசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் அதைக் கண்டது. 2000இல் பாரிஸ் குழு ஒன்று, அது பழுதான குடும்பங்களை விவரித்தது. இங்கே டி செல் சரி, கைகொடுப்பதும் சரி, பி செல் முளை மையத்துக்குள் போகிறது. ஆனால் எழுத்தை மாற்ற முடியவில்லை, வகையையும் மாற்ற முடியவில்லை. தேர்வு முடிவதே இல்லை. அதனால் செல்கள் பெருகிக்கொண்டே போய் முளை மையம் பூதாகரமாக வீங்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். புரூட்டன் விவரித்த நோயில் டான்சில் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று காலியாக இருக்கும். ஏஐடி குறைபாட்டில் இரு பக்கமும் டான்சில் நெல்லிக்காய்போல் உருண்டு நிற்கும், கழுத்திலும் நெறி கட்டியிருக்கும். இருவருக்கும் ஐஜிஜி இல்லை, இருவருக்கும் ஒரே மாதிரி நிமோனியா. அந்த டார்ச் வெளிச்சம் மட்டும் இருவரையும் பிரித்துக்காட்டிவிடும். மருத்துவர் உங்கள் பையனின் டான்சிலைப் பார்த்துக் குறித்திருக்கிறாரா என்று கேளுங்கள். செலவில்லாத பரிசோதனை, ஆனால் குறித்துவைக்க மறந்துபோவது அதிகம்.

ஏஐடி குறைபாட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நினைவு செல்லின் அடையாளமான சிடி27 அவர்களுடைய பி செல்களில் பலவற்றின் மேல் இருக்கும், ஆனால் எல்லாமே ஐஜிஎம், மரபணுவில் எழுத்து மாற்றமும் இல்லை. நினைவு செல்போல அடையாளம் மட்டும் இருக்கும், நினைவின் பலன் இருக்காது. அதனால்தான் நல்ல ஆய்வகங்கள் ‘நினைவு பி செல்’ என்று மொத்தமாக எழுதாமல், வகை மாறியது, மாறாதது என்று பிரித்து எழுதுகின்றன.

பி செல்லின் மேலுள்ள சிடி19 என்ற புரதமே பழுதான நோயாளிகளை 2006இல் விவரித்தார்கள். பி செல் எண்ணிக்கை இயல்பு, நினைவு செல் குறைவு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பதில் மோசம். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. இதில் ஆய்வகத்துக்கு ஒரு பொறி வேறு. பி செல்லை எண்ணுவதற்கு நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது இந்த சிடி19ஐத்தான். அது இல்லாதவருக்கு ‘பி செல் இல்லை’ என்று தவறாக எழுதிவிட நேரும். சிடி20 போட்டுப் பார்த்தால் பி செல் முழுசாக இருக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முளை மையத்தில் உதவும் டி செல்லுக்குத் தேவையான ஐகாஸ் புரதம் இல்லாதவர்களை 2003இல் கண்டார்கள், நினைவு பி செல் மிகக் குறைவு. ஐஜிஈ வகை ஆன்டிபாடி எக்கச்சக்கமாக ஏறும் ஸ்டாட்3 குறைபாட்டில் மொத்த ஐஜிஜி இயல்பாக இருந்தும் நினைவு பி செல் குறைந்திருக்கும். பிஐ3கே டெல்டா என்ற நொதி ஓயாமல் முடுக்கப்பட்டுக் கிடக்கும் நோய் 2013இல் தெரியவந்தது. அதில் முதிராத பி செல்கள் குவியும், நினைவு செல்கள் குறையும், நெறி கட்டிக்கொண்டே இருக்கும். இதற்குக் குறிவைத்துத் தயாரித்த லெனியோலிசிப் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்காவில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது. சிடிஎல்ஏ4, எல்ஆர்பிஏ என்ற புரதங்களின் குறைபாடுகளுக்கு அபாட்டாசெப்ட் என்ற மருந்து உதவுகிறது. இப்படித் தெரிந்த பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடுகள் 2022ஆம் ஆண்டின் சர்வதேசப் பட்டியலிலேயே 480ஐத் தாண்டிவிட்டன. மரபணுச் சோதனைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், கிடைக்கும் பெயரைப் பொறுத்து மருந்தே மாறலாம் என்பதுதான்.

இப்போது அந்த 1.1 எப்படி வந்தது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பையனின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, ஒவ்வொரு புரதத்தோடும் ஒட்டும் ஒளிரும் சாயங்களைக் கலந்து, ஃப்ளோ சைட்டோமீட்டருக்குள் அனுப்புவோம். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைத் தாண்டும். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. பி செல்களை மட்டும் தனியே பிரித்து, குறுக்கே ஐஜிடி, நெடுக்கே சிடி27 என்று வைத்தால் படம் நான்கு கட்டமாகும். கீழே வலப்பக்கம் அடர்ந்து கிடக்கும் திட்டு, இன்னும் எதையும் சந்திக்காத புதுச் செல்கள். மேலே வலப்பக்கம், நினைவு அடையாளம் இருந்தும் வகை மாறாதவை. மேலே இடப்பக்கம் உள்ள கட்டம்தான் வகை மாறிய நினைவு செல்கள். ஆரோக்கியமான பெரியவரிடம் அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் இருக்கும், திரையில் தெளிவான மேகமாகத் தெரியும். உங்கள் பையனின் படத்தில் அங்கே நூறு பி செல்லுக்கு ஒரு புள்ளி. ஒரு முறை பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வெறுமை, எண்ணைப் படிக்கும் முன்பே கண்ணில் படும்.

ஆனால் வயதைப் பார்க்காமல் இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் பி செல்கள் ஏறக்குறைய எல்லாமே புதியவை, நினைவு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. தொற்றும் தடுப்பூசியும் பார்க்கப் பார்க்க, வருடக்கணக்கில்தான் அந்தக் கட்டம் நிறையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 10 மாதக் குழந்தை ஒன்றின் எண்ணைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுக் ‘குறைவு’ என்று எழுதி அனுப்பினேன். மூத்தவர் ஒருவர் பார்த்துத் திருத்துவதற்குள் அந்தத் தாய் ஒரு மாதம் தூங்காமல் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து பிறந்த தேதியைப் பார்க்காமல் நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவதில்லை. 7 வயதுக்கு 1.1 குறைவுதான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் ஒப்பிட்டது அந்த வயதுக்கான அளவோடுதானா என்று ஆய்வகத்திடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஐஜிஜி குறைந்த எல்லாக் குழந்தைக்கும் பிறவி நோய் இருப்பதாக நினைக்க வேண்டாம். சிறு வயதில் தற்காலிகமாக ஐஜிஜி குறைந்து, தானே சரியாகும் நிலை ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் தடுப்பூசிக்கு நன்றாகப் பதில் கொடுப்பார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள், ஸ்டீராய்டு, சிறுநீரிலோ குடலிலோ புரதம் கசிவது ஆகியவையும் ஐஜிஜியைக் குறைக்கும். இவற்றையெல்லாம் ஒதுக்கிய பிறகுதான் அடுத்த பேச்சு.

அடுத்த பேச்சில் பெரும்பாலும் அடிபடும் பெயர் சிவிஐடி. ஐஜிஜி குறைவு, கூடவே ஐஜிஏவோ ஐஜிஎம்மோ குறைவு, நான்கு வயதுக்கு மேல், வேறு காரணம் இல்லை என்ற நிலைக்கு வைத்த பொதுப்பெயர் அது. ஒரே நோய் அல்ல. பெரும்பாலானவர்களிடம் இன்னும் ஒற்றை மரபணு பிடிபடவில்லை. டாசி மரபணு மாற்றம் போன்றவை ஆரோக்கியமானவர்களிடமும் தென்படுவதால், அது வந்தாலே நோய் என்றும் சொல்ல முடியாது. இந்த நோயை உறுதிசெய்ய, ஐரோப்பிய எதிர்ப்பாற்றல் குறைபாட்டுச் சங்கத்தின் வரையறையில், தடுப்பூசிக்கு மோசமான பதில் அல்லது வயதுக்கான இயல்பில் 70 சதவீதத்துக்கும் குறைவான வகை மாறிய நினைவு பி செல் என்று கேட்கிறார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்களே, நோயின் வரையறைக்குள்ளேயே அது இடம் பிடித்துவிட்டது.

அதைவிட முக்கியமாக, அந்த எண் முன்னால் வரப்போவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறது. 2008இல் வந்த யூரோகிளாஸ் வகைப்பாடு, சிவிஐடி நோயாளிகளை, வகை மாறிய நினைவு செல்கள் பி செல்களில் 2 சதவீதம் என்ற கோட்டில் பிரித்தது. அதற்குக் கீழே இருப்பவர்களிடம் மண்ணீரல் வீக்கமும், உறுப்புகளில் கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டிகளும் அதிகம் தென்பட்டன. உங்கள் பையனுக்கு இதெல்லாம் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோடு பெரும்பாலும் பெரியவர்களை வைத்துப் போடப்பட்டது. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, தட்டணுக்களை எண்ணிப் பார்ப்பது, நுரையீரலைக் கவனிப்பது ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் இருக்க இது காரணம்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு பரிசோதனைதான் செய்யலாம் என்ற நிலை வந்தால் நான் தேர்ந்தெடுப்பது நினைவு பி செல்லை அல்ல, தடுப்பூசிப் பதிலைத்தான். செல்லை எண்ணுவது உடலில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டும். தடுப்பூசி, உடலால் என்ன செய்ய முடிகிறது என்பதைக் காட்டும். முறை எளிது. ஊசிக்கு முன் ரத்தம், ஊசி, நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம். ஒரே ஆய்வகத்தில் இரண்டையும் பார்க்க வேண்டும். ரணஜன்னி போன்ற புரதத் தடுப்பூசிக்கு டி செல்லின் உதவியும் முளை மையமும் தேவை. நுமோகாக்கஸின் சர்க்கரை உறையை மட்டும் கொண்ட 23 வகைத் தடுப்பூசியோ டி செல்லை நம்புவதில்லை. மண்ணீரலில் தங்கும் ஒரு தனிவகைப் பி செல்தான் அதற்குப் பதில் சொல்கிறது. அது முதிர இரண்டு வயதாவது ஆக வேண்டும், அதனால் அதற்கு முன் இந்தச் சோதனை செல்லாது. குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் நுமோகாக்கஸ் ஊசியில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்திருப்பார்கள், டி செல்லையும் உதவிக்கு இழுப்பதற்காக. எனவே எந்த ஊசி போட்டார்கள் என்று தெரியாமல் ‘நுமோகாக்கஸ் ஆன்டிபாடி இருக்கிறது’ என்ற வரியைப் படித்துப் பயனில்லை. மொத்த ஐஜிஜி முழு இயல்பாக இருந்தும் சர்க்கரைத் தடுப்பூசிக்கு மட்டும் பதில் வராத பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய காதுச் சீழும் மற்றவர்களுடையதைப்போல உண்மையானதுதான்.

இதில் நேரம் முக்கியம். இம்யூனோகுளோபுலின் ஏற்றத் தொடங்கிவிட்டால், ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் ஆன்டிபாடி பையனின் ரத்தத்தில் ஓடும். அதில் ரணஜன்னி, தட்டம்மை எல்லாவற்றுக்கும் ஆன்டிபாடி இருக்கும். பிறகு அளந்தால் பையனுடையதா, கொடையாளியுடையதா என்று பிரிக்க முடியாது. இதற்காகவே, கொடையாளிகள் யாரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைத் தேடினார்கள். ஃபை எக்ஸ் 174 என்ற, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸைச் செலுத்திப் பார்க்கும் முறை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆரோக்கியமானவரின் ரத்தத்திலிருந்து அது சில நாளில் மறைந்துவிடும், இரண்டாம் முறை கொடுத்தால் ஐஜிஜி எழும். புரூட்டன் நோயில் அது வெகுநாள் ரத்தத்திலேயே சுற்றும். 2021இல் கோவிட் தடுப்பூசியும் சிறிது காலம் இந்த வேலையைச் செய்தது, ஏனென்றால் அப்போதிருந்த இம்யூனோகுளோபுலினில் அதற்கான ஆன்டிபாடி இன்னும் வந்து சேரவில்லை. பி செல்லே இல்லாதவர்களிடம் ஆன்டிபாடி வரவில்லை, ஆனால் டி செல்கள் அந்த வைரஸை நன்றாகவே கற்றுக்கொண்டன. ஆன்டிபாடி வராது என்பதற்காக இவர்களுக்கு ஊசியே வீண் என்ற எண்ணம் தவறு என்பதை அது காட்டிவிட்டது.

உயிருள்ள தடுப்பூசி மட்டும் வேறு கதை. ஆன்டிபாடி இல்லாதவரின் குடலில் வாய்வழிப் போலியோ மருந்தின் வைரஸ் வருடக்கணக்கில் தங்கிப் பெருகலாம். இங்கிலாந்தில் ஒருவர் 28 ஆண்டுகள் அதை வெளியேற்றிக்கொண்டிருந்ததாகப் பதிவு இருக்கிறது. அதனால் நோய் தெளிவாகும்வரை உயிருள்ள தடுப்பூசி எதுவும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். ஒரே வீட்டில் இருக்கும் மற்றக் குழந்தைகளுக்கு வாய்வழிப் போலியோ மருந்து கொடுக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, நரம்பு வழியாக என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, கிலோ எடைக்கு 400 முதல் 600 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். தோலுக்கடியில் என்றால் வாரம் ஒருமுறை சிறு அளவு. அடுத்த டோஸுக்கு முந்தின நாள் ஐஜிஜி எவ்வளவு, அந்த இடைவெளியில் எத்தனை தொற்று என்று பார்த்து அளவைக் கூட்டுவார்கள். ஏற்றுவது கிட்டத்தட்ட முழுவதும் ஐஜிஜிதான், ஐஜிஏ அதில் வராது. அதனால் சைனஸும் காதும் முன்பைவிட மிகக் குறைவாகத் தொல்லை கொடுக்கும், அடியோடு நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நினைவு பி செல்லும் இதனால் கூடாது. ஆறு மாதம் கழித்து அந்த எண்ணை மறுபடி அளந்து, ஏறவில்லையே என்று மனம் உடைந்துபோகும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் ஏறுவதற்காக இந்தச் சிகிச்சை இல்லை. நுரையீரல் கெடாமல் காப்பதற்காகத்தான்.

அப்புறம் ஒன்று. உங்கள் பையனுக்கு இன்னும் முதல் டோஸ் ஏற்றவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் ஏற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: ரணஜன்னிக்கு ஒரு பூஸ்டரும், சர்க்கரை வகை நுமோகாக்கஸ் ஊசியும் போட்டு, நான்கு வாரம் கழித்து ஆன்டிபாடி பார்க்க அவகாசம் இருக்கிறதா என்று. பையன் மூச்சுவிடவே சிரமப்படும் நிலையில் இருந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், அப்போது இம்யூனோகுளோபுலின்தான் முதலில். நிலைமை தாங்கும் என்றால் அந்த நான்கு வாரம் திரும்பக் கிடைக்காது. மரபணுச் சோதனைக்கான ரத்தத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அது அவசரம் இல்லை.